பேய்க்கரும்பு முதல் குந்திப்புழா வரை

மலையருவியில் நீராடிய மகளிர் பறித்துப் பாறைமேல் குவித்த 99 மலர்களைக் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் வரிசைப்படுத்தியிருப்பதை நம் வட்டத்தார் அனைவரும் அறிவர். அவற்றுள் சில மலர்கள் எவை என்பதில் உரையாசிரியர்களும் தாவர நூலாரும் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். பெயர் நம்மிடம் இருக்கிறது. அப்பெயருக்குரிய செடி எதுவென்னும் அறிவு எங்கோ கைநழுவிப் போயிற்று. பெயரையேனும் காத்துத் தந்தவர் புலவர். நம் காலத்திற்குச் சற்று முன்னர், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு மின்னாக்கத்திற்காக நீரில் மூழ்கவிருந்த வேளையில், அங்கு நின்ற மரங்களைக் கணக்கெடுத்து வைக்க முற்பட்டார் எண்பது வயது மூதாட்டி ஒருவர். அவர் கவிஞர் அல்லர், தாவரவியல் அறிஞர். ஆயினும் அவர் வாழ்வைக் கவிஞர்கள் அறிந்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்தால், நம் பத்தாம் ஆண்டு மலருக்கு அவ்வரலாற்றையே எழுதத் துணிந்தேன்.

தலைச்சேரியிலிருந்து சென்னைக்கு

இ. கே. ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தலைச்சேரி அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தந்தையார் கிருஷ்ணன் சார்பு நீதிபதியாகப் பணியாற்றியவர். பறவைகளிலும் செடிகொடிகளிலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். உடன்பிறந்தார் பலர் நிறைந்த பெருங்குடும்பம் அது. வீட்டுத் தோட்டமே அச்சிறுமிக்கு முதற்பள்ளியாக வாய்த்தது எனலாம்.

அக்காலத்தில் பெண்குழந்தைக்குக் கல்வி என்பது திருமணம் வரும்வரையிலான பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. ஜானகியின் தமக்கையர் ஒருவர் பின் ஒருவராக மணமாகிச் சென்றனர். அவருக்கும் திருமணப் பேச்சு எழுந்தது. அவரோ படிப்பைத் தேர்ந்துகொண்டார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவும் இல்லை. சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று, பின்னர் மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் சிறப்புப் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். கீழ்த்திசை நாடுகளின் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிட்டியது. 1924-இல் கடல் கடந்தார். இடையில் சென்னைக்குத் திரும்பிக் கற்பித்து, மீண்டும் சென்று, 1931-இல் ஆய்வுப் பட்டத்தை முடித்தார். அயல்நாட்டில் தாவரவியலில் அத்தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர்.

அவர் தேர்ந்த துறை உயிரணு மரபியல். செடியின் வேர் நுனியை எடுத்துப் பதப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டின்மேல் நசுக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், பிளவுறும் உயிரணுக்களுள் குரோமோசோம்கள் குச்சிகள் போலத் தோன்றும். அவற்றை எண்ண வேண்டும். எண்ணிக்கையும் வடிவமும் அச்செடியின் குலமுறையைக் கூறும்: எது எதற்கு உறவு, எது எந்நிலத்தில் தோன்றியது, எதனோடு எதனைக் கலக்கலாம் என்பவை அதனால் புலப்படும். பொறுமையன்றி வேறு முதல் வேண்டாத தொழில் அது. அவ்வெண்ணிக்கைப் பணியே அவருடைய வாழ்வாயிற்று.

ஆற்றங்கரைப் புல்லின் பெருமை

திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்தபின், 1934-இல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலறிஞராகச் சேர்ந்தார். அவர் கோவைக்கு வந்த ஆண்டில்தான் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. அதற்கு இரண்டாண்டு முன்னரே நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பிறந்து, கோவை நூற்பாலைகளை ஓட்டத் தொடங்கியிருந்தது. மலைநீர் மின்னாகி ஊரை வளர்த்த காட்சியை அவர் கண்முன் கண்டவர். நீர்மின்சாரத்தின் நன்மையை அறியாதவர் என்று பிற்காலத்தில் எவரும் அவரைக் கூற இயலாது.

கோவையில் அவர் ஆராய்ந்த செடிகளுள் முதன்மையானது பேய்க்கரும்பு. பட்டினத்தடிகள் கையில் ஏந்தித் திரிந்ததாகவும், எங்கும் கசந்த அது திருவொற்றியூரில் இனித்ததாகவும் மரபு கூறும் அப்பெயரை நாம் மறக்க இயலாது. ஆற்றங்கரைகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாக வளர்ந்து, வெண்பஞ்சு போல் பூத்து நிற்கும் மெல்லிய நாணற்புல் அது. சாறு இல்லை, சர்க்கரை இல்லை. உழவனுக்கு அது களை. கவிஞருக்கு வேண்டுமானால் உவமை.

அக்களையின் உள்ளே வேறொரு செல்வம் இருந்தது. வெப்ப நாட்டுப் பருங்கரும்பு இனிமை மிக்கது. ஆயினும் நோய்க்கும் குளிருக்கும் வறட்சிக்கும் எளிதில் இரையாவது. வட இந்திய நிலங்களில் அது நிலைக்கவில்லை. 1912-இல் கோவை நிலையத்தில் பார்பரும் வேங்கடராமனும் இனிப்புக் கரும்பையும் உள்ளூர்ப் பேய்க்கரும்பையும் கலந்தனர். அக்கலப்பிற் பிறந்த கோ 205 என்னும் வகை 1918-இல் வட இந்திய உழவர்க்கு வழங்கப்பட்டது. அதன் வழியில் பிறந்த கோவை வகைகள் நாடெங்கும் பரவின. ஆற்றங்கரைப் புல்லின் வலிமையே இந்தியக் கரும்பின் முதுகெலும்பாயிற்று.

இப்புல்லின் குலமுறையை ஜானகி அம்மாள் ஆராய்ந்தார். ஒரே இனமாயினும் இடத்திற்கு இடம் அதன் குரோமோசோம் எண்ணிக்கை மாறுபடுகிறது. 40 முதல் 128 வரை அது விரிவதை இன்றைய அறிவியல் அறியும். ஒவ்வோர் ஆற்றங்கரைப் புதரும் தனித்ததொரு கருவூலம் என்பது இதன் பொருள். அவ்வேறுபாடுகளை அளந்து, இந்திய மண்ணுக்கும் பேய்க்கரும்புக்கும் உள்ள தொன்மையான உறவை அவர் நிறுவ முயன்றார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த கலப்பினத்தையும் உருவாக்கினார். சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1935-இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது.

இவ்வாண்டுகளில் அவர் பெற்ற பாடம் ஒன்றே என்று தோன்றுகிறது: கரையோரத்தில் நிற்கும் பயனற்ற செடி எந்நாள் எப்பயன் தரும் என்பதை அது நிற்கும் நாளில் எவரும் அறிய இயலாது. அது நின்றால்தான் ஒருநாள் அறியலாம்.

அயல்நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள்

1939-இல் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு கூடியது. அதற்குச் சென்றிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கினார். இலண்டன் அருகே ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியேற்றார். சேலை மடிப்பினுள் மறைத்து அணிற்பிள்ளை ஒன்றை அந்நாட்டிற்குக் கொண்டு சென்று வளர்த்தார் என்பர். இரவில் குண்டுமாரி பெய்யும்போது கட்டிலின் அடியில் ஒடுங்குவதும், காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிவிட்டு ஆய்வைத் தொடர்வதும் அவர்தம் அன்றாடமாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

அந்நிலையத்தில் டார்லிங்டன் என்னும் புகழ்பெற்ற மரபியலறிஞருடன் இணைந்து, மனிதன் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூலை 1945-இல் வெளியிட்டார். பின்னர் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் உயிரணுவியலறிஞராகப் பணியாற்றினார். அங்கு மக்னோலியா நாற்றுகளுக்கு மருந்திட்டு, அவற்றின் குரோமோசோம்களை இருமடங்காக்கி ஆராய்ந்தார். அம்மரங்களுள் வெண்பூப் பூக்கும் ஒருவகை இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது.

தாயக அழைப்பும் ஓர் ஐயமும்

1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று அவர் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைத் திருத்தியமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக அமர்ந்து அலகாபாத்தில் பணிபுரிந்தார். நாட்டின் செடிகளை நாட்டினரே ஆராய்ந்து, நாட்டிலேயே அவற்றின் சான்றுகளைப் பேண வேண்டும் என்பது அவர் கொள்கை.

அந்நாள் அணைகளின் காலம். பக்ரா நங்கல் போன்ற பேரணைகளைப் புதிய இந்தியாவின் கோயில்கள் எனப் போற்றியவர் நேரு. அவரே இவ்வம்மையாரையும் அழைத்தார். ஒரு கை செடிகளைக் கணக்கெடுக்கச் சொன்னது. மறுகை அவை நின்ற பள்ளத்தாக்குகளில் நீரைத் தேக்கியது. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. பசித்த நாட்டிற்குப் பயிர் வேண்டும். இருண்ட ஊருக்கு விளக்கு வேண்டும். ஆயினும் உணவுப் பெருக்கத்தின் பெயரால் காடுகள் அழிவதைத் தம் பயணங்களில் கண்ட அம்மையாரின் உள்ளத்தில் ஓர் ஐயம் வேரூன்றத் தொடங்கியது. ஒருமுறை, அசாமின் அப்பகுதியில் ஒன்றே ஒன்றாக எஞ்சியிருந்த அரிய மக்னோலியா மரத்தைக் காண ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்தார். போய்ச் சேர்ந்தபோது அம்மரம் எரிக்கப்பட்டிருந்தது. எண்ணுவதற்கு முன்னரே எண்ணப்பட வேண்டியது மறைந்துவிடும் என்பதை அன்று அவர் நேரிற் கண்டார்.

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் நிலவுலகின் முகத்தை எவ்வாறு மாற்றிவிட்டான் என்பதை ஆராய உலக அறிஞர்கள் கூடினர். அம்மாநாட்டிற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். மலைவாழ் மக்களின் வாழ்முறையையும், செடிகளைப் பற்றிய அவர்தம் அறிவையும் பொருளாகக் கொண்டு இந்தியாவின் தன்னிறைவு வேளாண்மையைப் பற்றி அங்குக் கட்டுரை அளித்தார். 1956-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. ஜம்முவிலும் டிராம்பேயிலும் பணியாற்றிவிட்டு, 1970-இல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதிப்புறு அறிவியலறிஞராக, மதுரவாயலில் இருந்த அதன் ஆய்வுக்களத்திலேயே தங்கினார். எளிய உடை, மூலிகைத் தோட்டம், நுண்ணோக்கி, வளர்ப்புப் பூனைகள்: இவையே அவர்தம் முதுமையின் துணைகள். அந்நிலையில்தான் குந்திப்புழாவைப் பற்றிய செய்தி அவரை எட்டியது.

சைரந்திரி வனம்

நீலகிரி மலைத்தொகுதியின் தென்மேற்கு மூலையில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அமைந்தது அமைதிப் பள்ளத்தாக்கு. சிள்வண்டின் ஒலி அங்குக் கேட்பதில்லை என்பதால் இப்பெயர் வந்ததெனப் பலரும் கூறுவர். உள்ளூர் மக்களுக்கு அது சைரந்திரி வனம். சைரந்திரி என்பது விராடன் அரண்மனையில் பாஞ்சாலி பூண்ட பெயர். பள்ளத்தாக்கின் ஊடே ஓடும் ஆற்றுக்கோ பாண்டவர் தாயின் பெயர். குந்திப்புழா தெற்கு நோக்கி இறங்கி, தூதப்புழாவோடு கலந்து, பாரதப்புழாவைச் சென்றடைகிறது. 1847-இலேயே இராபர்ட் ஒயிட் என்னும் தாவர நூலறிஞர் இவ்வனத்தை ஆராய்ந்திருக்கிறார். மனிதக் குடியிருப்பு இல்லாத மழைக்காடு அது. வெடிப்பலா மரங்களும், அவற்றின் கனியை உண்டு வாழும் சிங்கவால் குரங்குகளும் அதன் பழங்குடிகள்.

மேட்டுச் சமவெளியில் பாய்ந்துவரும் ஆறு சைரந்திரியில் ஒடுங்கிய மலையிடுக்கினுள் நுழைகிறது. அணை கட்டுவதற்கென்றே இயற்கை அமைத்த இடம் போன்றது அது. 1920-களின் இறுதியிலேயே ஆங்கிலேயர் அவ்விடத்தை அளந்து சென்றனர். 1973-இல் திட்டக்குழு நீர்மின் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. தொடக்கத்தில் 120 மெகாவாட் மின்சாரம். பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் 10,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனம். பின்தங்கிக் கிடந்த மலபார்ப் பகுதிக்குத் தொழிலும் வேலையும் என்பன அதன் நோக்கங்கள். இவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மலபாரின் மகளான ஜானகி அம்மாளுக்கு அத்தேவை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

நீரில் மூழ்கும் பரப்பு 8.3 சதுர கிலோமீட்டர். பள்ளத்தாக்கின் மொத்தப் பரப்போ ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர். பத்தில் ஒரு பங்குதானே போகிறது, ஒன்பது பங்கு நிற்கிறதே என்பது திட்டத்தை ஆதரித்தோர் வாதம். பரப்பளவுக் கணக்கில் அது சரியே. செடிகளின் கணக்கு வேறு.

ஆற்றங்கரை என்பது மலைச்சரிவின் தொடர்ச்சி அன்று. அது தனியொரு நாடு. மழைக்காலத்தில் வெள்ளத்திற்குள் நின்றும், கோடையில் வெயிலில் காய்ந்தும் வாழப் பழகிய செடிகளே அங்கு நிலைக்கும். வெள்ளம் கொண்டுவரும் வண்டலில் அவற்றின் நாற்றுகள் வேர்கொள்ளும். விதைகள் நீரிலேயே பயணம் செய்து அடுத்த கரையில் முளைக்கும். அணை எழுந்தால் பள்ளத்தின் அடியிலுள்ள கரைக்காடு முழுவதும் மூழ்கும். வேருக்குக் காற்றின்றி மரங்கள் நின்ற நிலையிலேயே மடியும். அவை மேட்டுக்கு ஏறிச் சென்று குடியேற முடியாது. மேட்டில் அவற்றுக்குரிய ஈரமும் இல்லை, வெள்ளமும் இல்லை. மூழ்கும் அப்பத்தில் ஒரு பங்கில்தான் ஆற்றங்கரை இருக்கிறது என்பதே பரப்பளவுக் கணக்கில் விடுபட்ட செய்தி.

நீர்த்தேக்கத்துக்குப் புதிய கரை ஒன்று உண்டாகும் அல்லவா எனலாம். அக்கரையின் நீர்மட்டம் பருவத்தைப் பின்பற்றுவதில்லை, மின்தேவையைப் பின்பற்றுகிறது. ஏறியும் இறங்கியும் வரும் நீருக்கு இடைப்பட்ட சரிவில் நிலச்செடி அழுகும், நீர்ச்செடி காயும். செம்மண் மட்டும் வறண்டு தெரியும். மேட்டூரிலும் பைக்காராவிலும் கோடையில் அவ்வெற்றுச் சரிவைக் கண்டவர் நம்முள்ளும் பலர் இருப்பர். அணைக்குக் கீழேயோ வண்டலும் விதையும் வாரா. வெள்ளம் வர வேண்டிய காலத்தில் வாராது, வரக்கூடாத வேளையில் திறந்துவிடப்படும்.

இதற்கு ஏற்ற சான்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் வாழும் போடோஸ்டெமாசியே என்னும் குடும்பத்துச் சிறு செடிகள். பார்வைக்குப் பாசி போல இருப்பினும் அவை பூக்கும் தாவரங்கள். மழைக்காலம் முழுவதும் விரைந்தோடும் நீரின் அடியில் பாறையைப் பற்றிக் கிடக்கும். நீர் வடிந்து பாறை வெளிப்பட்டதும் விரைந்து பூத்து, விதை தந்து, காய்ந்துபோகும். அவ்விதை பாறையிலேயே ஒட்டியிருந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நீர் ஓடவும் வேண்டும். குறித்த காலத்தில் வடியவும் வேண்டும். ஓட்டம் நின்று தேங்கினால் அதற்கு வாழ்வில்லை. காலம் தவறினால் பூவில்லை. ஆற்றின் பருவத்தையே உயிராகக் கொண்ட செடிக்கு அணை என்பது என்னவென்று கூற வேண்டுவதில்லை.

அணையோடு சாலையும், தொழிலாளர் குடியிருப்பும், மின்கம்பப் பாதையும் வரும். அடர்ந்த காட்டின் கூரை திறக்கும். நிழலிலன்றி வாழாத செடிகள் வெயிலில் வாடும். வெளியிலிருந்து வரும் களைகள் அவ்விடத்தைப் பிடிக்கும்.

எண்பதாம் வயதில் ஒரு கணக்கு

அம்மையார் மேடையேறி முழங்கியவர் அல்லர். தாம் வாழ்நாள் முழுவதும் செய்த பணியையே அங்கும் செய்ய முற்பட்டார். குந்தியின் நீர் நிறைந்து ஏரியாகப் போகும் அவ்வனத்தின் மரங்களைக் குரோமோசோம் வழியே ஆராய்ந்து கணக்கெடுப்பது என்று முடிவு செய்தார். துணிகரமான செயல் என்றே அவரும் அதனை எண்ணினார். வயது எண்பதை எட்டியிருந்தது. அத்திட்டம் நிற்கும் என்று அப்போது எவராலும் உறுதி கூற முடியாது. ஏரி வந்தே தீரும் என்னும் எண்ணத்தோடுதான் அப்பணியைத் தொடங்கினார். போகப்போகும் செல்வம் என்னவென்று எழுதியாவது வைக்கவேண்டும் என்னும் கடமையுணர்வு அது. கோவையில் பேய்க்கரும்பை எண்ணிய கைகள் அல்லவா? இன்று பெயரறியாமல் மூழ்கும் செடி நாளைய பயிருக்கு வலிமை தரும் உறவாக இருக்கக்கூடும் என்பது அவருக்கு ஊகம் அன்று. தம் கைப்படக் கண்ட உண்மை.

நாட்டின் மூத்த அறிவியலறிஞர்களுள் ஒருவர் இவ்வாறு முன்வந்தமை பள்ளத்தாக்கைக் காக்க நின்றோருக்குப் பெரும் வலிமையாயிற்று. அவர் தனித்து நிற்கவில்லை. பறவையியலறிஞர் சாலிம் அலி அணையை எதிர்த்தார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் அமைப்பு ஊர் ஊராகச் சென்று திட்டத்தின் வரவு செலவை மக்களுக்கு விளக்கியது. வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் அப்பகுதியை நேரிற் கண்டு, அதன் மரபுச் செல்வத்தைக் காக்க வேண்டுமென எடுத்துரைத்தார்.

கவிஞர்களும் வந்தனர். சுகதகுமாரி, ஓ. என். வி. குறுப்பு, ஐயப்பப் பணிக்கர் முதலான மலையாளக் கவிஞர்கள் இயற்கைப் பாதுகாப்புக் குழு அமைத்து மேடைதோறும் பாடினர். சுகதகுமாரி மரத்தைப் போற்றி எழுதிய பாடல் அக்கூட்டங்களின் கடவுள் வாழ்த்துப் போலவே ஆயிற்று. மரக்கவிகள் என்று அவர்களை ஏளனம் செய்தோரும் உண்டு. கவிஞர்க்கு மின்சாரக் கணக்கில் என்ன வேலை என்று கேட்கப்பட்டது. அக்கேள்விக்கு விடை மதுரவாயல் ஆய்வுக்களத்தில் இருந்தது. பாட்டு உள்ளத்தை அசைத்தது. அசைந்த உள்ளம் சான்று கேட்டபோது எடுத்துக்காட்டப் பெயரும் எண்ணும் அறிஞரிடம் இருந்தன. ஒன்றின்றி மற்றொன்று அப்பள்ளத்தாக்கைக் காத்திருக்குமா என்பது ஐயமே.

பிரதமர் இந்திரா காந்தி 1980-இல் அமைத்த, எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழு நெடிது ஆராய்ந்தது. 1983-இன் இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள்ளாகவே அவ்வனம் தன் செல்வத்தில் சிலவற்றை வெளிக்காட்டத் தொடங்கியிருந்தது. நூறாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாதிருந்த இப்சியா மலபாரிக்கா என்னும் மஞ்சட்பூ ஆர்க்கிட் அங்கு மீண்டும் காணப்பட்டது. அறிவியலுக்கே புதியதான புல் ஒன்று கண்டறியப்பட்டு, 1982-இல் பள்ளத்தாக்கின் ஆங்கிலப் பெயரையே தன் பெயராகப் பெற்றது. பின்னர் நிகழ்ந்த ஆய்வு, ஏறத்தாழ 1000 வகைப் பூக்கும் செடிகள் அச்சிறு நிலப்பரப்பில் வாழ்வதைக் காட்டியது. அணைக்கு ஒப்புதல் அளித்த 1973-ஆம் ஆண்டில் அப்புல்லுக்குப் பெயரே இல்லை. அன்றே அது அழிந்திருந்தால் அழிந்ததென்று வருந்துவதற்குக்கூட ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

நிறைவு

திட்டம் கைவிடப்பட்ட சில திங்களிலேயே, 1984-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜானகி அம்மாள் மதுரவாயலில் தம் ஆய்வுக்களத்திலேயே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 86. அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் பிரதமர் இராஜீவ் காந்தி அதனைத் தொடங்கி வைத்தார். அவ்விழாவைக் காண அம்மையாரும் இல்லை. திட்டத்தை நிறுத்திய இந்திரா காந்தியும் இல்லை.

பூங்கா அறிவிப்போடு கதை முடியவில்லை. இருபதாண்டு கழித்து, பூங்காவின் எல்லைக்குச் சற்றுக் கீழே, அதே குந்தியின்மேல் பாத்திரக்கடவு என்னுமிடத்தில் மற்றொரு மின்திட்டம் பேசப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, 2007-இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் காப்பு வளையம் அமைக்கக் கேரள அரசு முடிவெடுத்தது. ஆறு ஓடும் வரையில் அதன் வீழ்ச்சியை அளந்து பார்க்கும் கண்களும் இருக்கும். மின்சாரம் வேண்டா என்று கூற நம்மால் இயலாது. இம்மலர் அச்சேறுவதும் அதனால்தான். எந்த ஆற்றின் எப்பகுதியை எடுக்கிறோம், அங்கு நிற்பது எது என்பதை அறிந்த பின்னரே எடுக்க வேண்டும் என்பதுதான் அம்மையாரின் வாழ்வு நமக்குச் சொல்லும் செய்தி.

அவர் பெயரால் நடுவணரசு தாவர வகைப்பாட்டியல் விருது ஒன்றை வழங்கி வருகிறது. ஜம்முவில் உலர்தாவரக் காப்பகம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட மஞ்சள் ரோஜா ஒன்றும் அவர் பெயரைப் பெற்றிருக்கிறது. இவையெல்லாம் அவருக்குத் தக்க சிறப்புகளே.

நம் வட்டத்தார் அவருக்குச் செய்யக்கூடியது வேறொன்றும் உண்டு. பத்தாண்டுகளாக நாம் எழுதிய கவிதைகளில் ஆறும் கரையும் எத்தனையோ முறை வந்திருக்கின்றன. அக்கரையில் நிற்கும் செடிகளுள் எத்தனைக்கு நமக்குப் பெயர் தெரியும்? நாணல் என்று எழுதும்போது அதனுள் ஒரு நாட்டின் இனிப்பு உறங்கிக் கிடந்ததை நாம் நினைத்ததுண்டா? அடுத்த முறை ஆற்றங்கரைக்குச் செல்லும்போது, கரையில் வாழும் முதியவர் ஒருவரிடம் பத்துச் செடிகளின் பெயரைக் கேட்டு எழுதி வருவோம். கபிலர் 99 பெயர்களை விட்டுச் சென்றார். எண்பது வயதில் ஜானகி அம்மாள் ஒரு வனத்தையே எண்ணத் துணிந்தார். நாம் பத்தில் தொடங்கலாம்.